எந்தப் பிரச்சினைக்கு எந்த தெரபி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல சிகிச்சைக்கு வருகிறவர்களும் அவர்களைக் கூட்டிவருகிறவர்களும் மாற்றி மாற்றிக் கேட்பவை இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். தொடக்கத்தில் உள்ளவை புதிதாக வருகிறவர்களுக்கு. கடைசியில் உள்ளவை ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்களுக்கு.

சும்மா உட்கார்ந்து பேசுறதுக்கா காசு? இதை என் அத்தைகிட்டயே பேசிக்கலாமே?

அத்தையிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் அத்தைக்கு உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும். நீங்கள் அழுதால் அவருக்குத் தாங்காது, உடனே ஆறுதலோ அறிவுரையோ சொல்லியாக வேண்டும். தெரபியில் முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் விசாரிப்பதிலேயே போகும்: எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடுகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள், தூக்கம், பசி, குடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. அதன்பிறகு "இதை மாற்றுவோம்" என்று ஒன்றிரண்டு விஷயங்களை இருவருமாக முடிவு செய்வீர்கள்.

வழக்கமாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம். உண்மையான வேலை பெரும்பாலும் அந்த அறைக்கு வெளியே, நடுவில் உள்ள 6 நாட்களில் நடக்கிறது.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்... யார்கிட்ட போறது?

சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், தெரபி தருவார். இந்தியாவில் இவர்கள் மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. கவுன்சலர் என்ற பலகைக்குப் பின்னால் இரண்டு வருட முதுகலைப் படிப்பும் இருக்கலாம், சில நாள் சான்றிதழ் வகுப்பும் இருக்கலாம். விசாரித்துவிட்டுப் போங்கள்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம், நாள் கணக்கில் தூங்காமலே உற்சாகம், சாப்பாடே இறங்கவில்லை, சாகும் எண்ணம்: இவற்றில் எது இருந்தாலும் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். இந்த நிமிடம் யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இத்தனை தெரபி பேர் சொல்றாங்களே, இதுல எது பெஸ்ட்?

பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, குடும்பங்கள் சிலவே. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிறவை ஒரு குடும்பம். பழைய உறவுகளின் தடத்தைத் தேடுகிறவை இன்னொன்று. நீங்கள் பேச, குறுக்கிடாமல் ஆழ்ந்து கேட்டே உங்களை நகர்த்துகிறவை மூன்றாவது. ஆளை விட்டுவிட்டு வீட்டை மொத்தமாகப் பார்க்கிறவை நான்காவது.

மிதமான மனச்சோர்வுக்கு இவற்றில் பலவும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தருகின்றன. அங்கே தெரபிஸ்டோடு உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்பது முறையின் பெயரைவிடப் பெரிய விஷயம். ஆனால் ஓசிடி (விடாத ஓர் எண்ணமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்வதும்), பேனிக் (திடீரென்று வரும் கடும் பதற்றம்), குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு பயம், தூக்கமின்மை ஆகியவற்றில் அப்படி விட்டுவிட முடியாது. அவற்றுக்கென்று தனிச் செய்முறை இருக்கிறது. அது கிடைக்காமல் இரண்டு வருடம் அன்பாகப் பேசிவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

சிபிடி சிபிடின்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ளே என்னதான் நடக்கும்?

சிபிடி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் தெரபி. இதைத் தொடங்கிய ஆரன் பெக் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராய்டு வழியில், அதாவது ஆழ்மனதைத் தேடும் வழியில், பயின்ற மருத்துவர். 1960களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கேட்கக் கேட்க, ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் வரும் துக்கத்துக்கும் நடுவே சட்டென்று ஒரு வாக்கியம் ஓடி மறைவதைக் கவனித்தார். சிபிடியில் அந்த வாக்கியத்தைப் பிடித்து, ஏழு கட்டம் போட்ட தாளில் வைப்பதுதான் முதல் வேலை. ஓர் உதாரணம். இரவு 9 மணிக்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்: "நாளைக்குப் பேசணும்." முதல் கட்டத்தில் இதை அப்படியே எழுத வேண்டும். இரண்டாவதில் உணர்ச்சி: பயம், 100க்கு 85. மூன்றாவதில் ஓடிய எண்ணம்: "வேலையிலிருந்து தூக்கப் போறாங்க", நம்பிக்கை 90. நான்காவதில் அதற்குச் சாதகமான ஆதாரம்: போன வாரம் ரிப்போர்ட் தாமதமானது. ஐந்தாவதில் எதிரான ஆதாரம்: இதே மாதிரி மெசேஜ் இதற்கு முன் நாலு முறை வந்தது, நாலும் லீவ் பட்டியல் பற்றி. ஆறாவதில் இரண்டையும் சேர்த்த வாக்கியம்: "தாமதத்தைப் பற்றிக் கேட்கலாம், வேலை போகும் என்பதற்கு இப்போதைக்கு அறிகுறி இல்லை." கடைசியில் பயத்துக்கு மறுபடி மதிப்பெண்: 50.

50 போதும். 0 என்று எழுதினால்தான் சந்தேகப்பட வேண்டும், அது பெரும்பாலும் தெரபிஸ்டைத் திருப்திப்படுத்த எழுதியது. பொதுவாக நடக்கும் தப்பு இரண்டு. எண்ணம் எழுத வேண்டிய இடத்தில் "பயமா இருந்துச்சு" என்று உணர்ச்சியை எழுதுவது. அதோடு வாதாடவே முடியாது. மற்றது, ஆதாரம் என்ற இடத்தில் "எனக்கு ராசியே இல்லை" என்று இன்னொரு எண்ணத்தை எழுதுவது. கோர்ட்டில் சாட்சியாக ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அது ஆதாரமில்லை. அப்புறம், இது "பாசிட்டிவா யோசி" என்பதும் இல்லை. ஆறாவது கட்டத்தில் இனிப்பான பொய்க்கு இடம் கிடையாது.

படுக்கையை விட்டு எழவே முடியலை. இதுல ஏழு கட்டம் போட்டு எழுதச் சொன்னா?

எழுத வேண்டாம். சோர்வு அந்த அளவுக்கு இருக்கும்போது எண்ணத்தைத் தொடாமல் செயலிலிருந்து தொடங்குவார்கள். "மனசு சரியானதும் செய்வேன்" என்று காத்திருக்கக் காத்திருக்க, மனசு சரியாவதற்கான வாய்ப்புகளே குறைந்துகொண்டு போகும். அந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து அறுப்பதுதான் யோசனை. முதல் வாரம் மணிக்கு மணி என்ன செய்தீர்கள், மனநிலை 10க்கு எத்தனை என்று குறித்து வந்தால் போதும். அடுத்த வாரம் அதில் சற்றே மேலே நின்ற செயல்களை நேரம் குறித்துத் திரும்ப வைப்பார்கள். "வாக்கிங் போகணும்" என்றால் நடக்காது. "6:30க்குச் செருப்பு மாட்டி, பால் பூத் வரை போய்த் திரும்பணும்" என்றால் நடக்க வாய்ப்புண்டு.

இது எளிமையாகத் தெரிவதால் ஏளனம் வேண்டாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் இதையே மையமாக வைத்து 6 முதல் 8 சந்திப்புகள் நடத்தினார்கள். 2017இல் வெளியான அதன் முடிவில், கடும் மனச்சோர்விலிருந்து 3 மாதத்தில் மீண்டவர்கள் 64 சதவீதம். அது இல்லாமல் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

அம்மா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கை கழுவுறாங்க. "கழுவாதீங்க"ன்னா கேட்பாங்களா?

கேட்க மாட்டார்கள், சொல்வதில் பயனும் இல்லை. ஓசிடிக்கான செய்முறை, பயப்படுவதைத் தொட்டுவிட்டு, கழுவாமல் இருந்து பார்ப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இதைச் செய்து காட்டும்வரை ஓசிடி மாறாத நோய் என்றே பலரும் கருதினார்கள். முதலில் பயத்துக்கு 100க்கு மதிப்பெண் கொடுத்து ஏணி போடுவார்கள்: ஃபேன் சுவிட்சைத் தொடுவது 30, பஸ்ஸில் வாங்கிய சில்லறை 45, வெளியே போட்ட செருப்பு 65, குளியலறைத் தரை 90. நடுவாந்தரமான ஒன்றில் தொடங்குவார்கள். தொட்ட கையோடு முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பதற்றம் ஏறும், நிற்கும், பெரும்பாலும் தானாக இறங்கும். ஒருநாள் இறங்காவிட்டாலும் பரவாயில்லை. "கழுவாவிட்டால் தாங்கவே முடியாது" என்பது பொய் என்று உடம்பு கற்றுக்கொண்டால் போதும். தினமும் வீட்டில் அதே படியைத் திரும்பச் செய்து, பிறகு அடுத்த படி.

கெட்டுப்போவது எங்கே என்றால், சாயங்காலம் "எல்லாத்துக்கும் சேர்த்து" ஒரு குளியல் போடுவதில். மனசுக்குள் மந்திரம் போல ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பதில். முக்கியமாக, வீட்டுக்காரர்களால். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று நீங்கள் பத்துத் தடவை சொல்வதும் கழுவுவதற்குச் சமம்தான், அந்த நிமிட நிம்மதியைக் கொடுத்து நோய்க்குத் தீனி போடுகிறது. அவருக்காகக் கதவைத் திறந்துவிடுவது, தனித் தட்டு வைப்பது எல்லாமும் அப்படியே. இவற்றை ஒரே நாளில் நிறுத்திச் சண்டையாக்காமல், எது எப்போது நிற்கும் என்று தெரபிஸ்ட் முன்னிலையில் அம்மாவோடு பேசி வையுங்கள்.

தீட்டு, மடி பார்க்கும் வீடுகளில் "இது ஆசாரமா, நோயா" என்று குழப்பம் வரும். ஆசாரத்துக்கு முடிவு உண்டு: ஒரு முழுக்கு, முடிந்தது. முழுகிய பிறகும் "சரியாக முழுகினேனா" என்று நாலாவது முறை இறங்கினால் அது ஓசிடி.

பஸ்ல போகும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு... இசிஜி நார்மல்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஏன் வருது?

பேனிக். படபடப்பு வருகிறது, "ஹார்ட் அட்டாக்" என்று எண்ணம் வருகிறது, அந்த எண்ணம் படபடப்பைக் கூட்டுகிறது, வட்டம். இதயம், தைராய்டு இரண்டையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, தெரபியில் அந்தப் படபடப்பையே வேண்டுமென்று வரவழைப்பார்கள்: ஒரு நிமிடம் இருந்த இடத்தில் ஓடுவது, நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. உடம்பு அதே மாதிரி அலறுகிறது, ஒன்றும் ஆகவில்லை. அதைச் சில முறை பார்த்தபிறகு பஸ்.

பஸ்ஸில் ஏறும்போது தண்ணீர் பாட்டில், படிக்கட்டுப் பக்க சீட்டு, துணைக்கு ஆள், பையில் ஒரு தூக்க மாத்திரை என்று வைத்துக்கொண்டால் பயிற்சி வீண். "பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்" என்றுதான் மனசு கணக்கெழுதும். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும்.

தூக்கம் வரலைன்னு போனா, இன்னும் லேட்டா படுக்கச் சொல்றாங்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவருக்கு, முதலில் படுக்கை நேரத்தையே ஐந்தரையாகக் குறைப்பார்கள். எழும் நேரம் மாறாது. படுக்கும் நேரம் பின்னால் போகும். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டுவார்கள். பொதுவாக 5 மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை. முதல் இரண்டு வாரம் கண் எரியும், எரிச்சல் வரும். பெரும்பாலோர் கைவிடுவது அங்கேதான். டிரைவர்கள், வலிப்பு அல்லது பைபோலார் (அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள் இதைத் தாங்களாக முயலக் கூடாது.

சின்ன வயசுல நடந்ததையெல்லாம் கிளறணுமா? எனக்கு அது வேண்டாம்.

மேலே சொன்ன எதிலும் கட்டாயமில்லை. வியன்னாவில் ஃபிராய்டு தொடங்கிய மரபிலிருந்து வந்த சைக்கோடைனமிக் தெரபியில்தான் பழையது முக்கியம், அங்கேயும் பழையதைத் தோண்டுவதைவிட அது இன்று எப்படித் திரும்ப நடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அப்பா வாயைத் திறந்தாலே திட்டு வாங்கி வளர்ந்தவர், தெரபிஸ்ட் கொட்டாவி விட்டாலே "நான் போரடிக்கிறேன்" என்று சுருங்கிப் போவார். அப்படிச் சுருங்கும் அந்தக் கணத்தையே இருவரும் எடுத்துப் பேசுவார்கள். வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் ஒரே மாதிரி உறவுகளில் போய் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது பொருந்தும். கை கழுவும் ஓசிடிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். நம் நாட்டுக்கு இது புதிதுமல்ல: கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே கல்கத்தாவில் இதற்கான சங்கத்தைத் தொடங்கி, ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்.

என் தெரபிஸ்ட் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் சொன்னதையே திருப்பிச் சொல்றாங்க.

கார்ல் ரோஜர்ஸ் வழியாக இருக்கலாம். ஆலோசனை சொல்லாமல், தீர்ப்பு சொல்லாமல், வேஷம் போடாமல் ஒருவர் முழுதாகக் கேட்டாலே மனிதர் தன் வழியைத் தானே கண்டுகொள்வார் என்பது அவர் 1950களில் வைத்த கொள்கை. துக்கம், கல்யாணமா படிப்பா என்ற குழப்பம் போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். நன்றாகச் செய்கிறவர் நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது, நீங்கள் சொல்லாமல் விட்டதும் அதில் இருக்கும். வெறும் கிளிப்பேச்சாக இருந்தால் அது ரோஜர்ஸ் இல்லை, பயிற்சிக் குறைவு. பேனிக்குக்குப் போய் இது மட்டுமே கிடைத்தால், செய்முறை எப்போது என்று கேளுங்கள்.

ஆக்சிடென்டுக்கு அப்புறம் கண் முன்னாடியே நிக்குது. கண்ணை இடமும் வலமும் அசைச்சா போயிடும்னாங்க, உண்மையா?

அந்த முறையின் பெயர் ஈஎம்டிஆர். ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கியது. நினைவை மனதில் நிறுத்தியபடி தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் தொடர்வது அதில் ஒரு பகுதி. மொத்தம் 8 கட்டங்கள் உண்டு, முதல் இரண்டும் தயாரிப்பு. அதிர்ச்சிக்குப் பின்வரும் நோய்க்கு இது உதவுகிறது, உலக சுகாதார நிறுவனமும் 2013 வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. கண்ணசைவுதான் குணமாக்குகிறதா, அல்லது பத்திரமான இடத்தில் அந்த நினைவை எதிர்கொள்வதா என்பதில் நிபுணர்களுக்குள் சண்டை முடியவில்லை. சம்பவத்தை விவரமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் சிபிடி வகையும் இதே அளவு நம்பத்தக்கது. முதல் நாளே "எல்லாத்தையும் சொல்லுங்க" என்று இழுப்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை.

மக கோபம் வந்தா கையைக் கீறிக்கிறா. எல்லாரும் நடிக்கிறாங்கறாங்க.

நடிப்பில்லை. தாங்க முடியாத உணர்ச்சியைச் சில நிமிடம் அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருக்கலாம். சியாட்டிலில் மார்ஷா லினஹன் உருவாக்கி 1993இல் நூலாக்கிய டிபிடி என்ற தெரபி, வேறு வழிகளைக் கற்றுத் தருகிறது. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, நெருக்கடியில் போன்; வழக்கமாக ஒரு வருடம். வகுப்பில் கற்பதில் ஒன்று: குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மூச்சைப் பிடித்து 30 விநாடி முகத்தை வைப்பது. இதயத் துடிப்பு இறங்கும், கத்தியை எடுக்கும் அவசரமும் தணியும். இதய நோயோ சாப்பாட்டுக் கோளாறோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. முழு டிபிடி எல்லா ஊரிலும் கிடைக்காது. "டிபிடி தெரியும்" என்பவரிடம் குழு வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அதுவரை வீட்டில் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள்.

பிரச்சினை எனக்கு. மாமியாரையும் வரச் சொல்றாங்களே?

ஓர் ஆள் மாறினால் வீடு முழுக்கச் சுழல்கிறது, வீடு மாறாமல் ஆள் மாறுவதும் கடினம். குடும்பத்தைச் சேர்ப்பதில் இந்தியாவுக்கு நெடிய அனுபவம் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மையமும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறையில் வளர்ந்தது.

ஆனால் வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டுச் சந்திப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சொன்னதற்கு இங்கே அடி விழும். முதலில் தனியாகப் பார்த்து, அதைத் தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை போட்டாலே போதாதா? இல்ல, தெரபி போனா மாத்திரையை நிறுத்திடலாமா?

ஸ்கிட்சோஃப்ரீனியா (இல்லாத குரல் கேட்பது, சதி என்று சந்தேகப்படுவது போன்றவை வரும் நோய்), பைபோலார் இரண்டிலும் மாத்திரை அஸ்திவாரம், தெரபி அதன்மேல். லேசான மனச்சோர்வுக்குத் தெரபி மட்டும் போதும். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும்; சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வார்கள். நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்தித் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். எழுதியவரைக் கேட்டு, படிப்படியாக.

நான் சொல்றதை வீட்டுல சொல்லிடுவாங்களா?

இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. விலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, சிகிச்சைக்குத் தேவையான அளவு பிற மருத்துவர்களுக்கு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குச் சிலது தெரியவேண்டி வரும். எது சொல்லப்படும், எது சொல்லப்படாது என்று முதல் நாளே மூவரும் பேசிக்கொள்வது நல்லது. "கூட வந்தவங்க கேட்டா என்ன சொல்வீங்க?" என்று நேராகவே கேட்கலாம்.

ஆறு வாரம் போயாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. ஆளை மாத்தவா?

முதலில் மூன்று விஷயம் பாருங்கள். இலக்கு என்று ஒன்று பேசி வைத்தீர்களா? நடுவில் கொடுத்த வேலையைச் செய்தீர்களா? நாள்பட்ட குடி, தைராய்டு, ரத்தசோகை போல வேறு ஏதாவது அடியில் இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், அதையே சந்திப்பில் சொல்லுங்கள்: "இந்த முறையில் என் பிரச்சினைக்கு எத்தனை வாரத்தில் என்ன தெரிய வேண்டும்?" சிபிடி வகைகளுக்கு 12 முதல் 20 சந்திப்பு என்பது வழக்கமான அளவு, அதில் பாதிக்குள் ஏதோ ஒன்று அசைந்திருக்க வேண்டும். சைக்கோடைனமிக்கில் கணக்கு நீளும். பதிலில் கோபமோ மழுப்பலோ வந்தால் மாற்றிவிடுங்கள். ஓசிடி ஏணியில் ஏறத் தொடங்கிய வாரங்களில் பதற்றம் கூடுவது தோல்வி இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

தெரபிஸ்ட் மேல ஒரு ஈர்ப்பு வந்துடுச்சு. அசிங்கமா இருக்கு, போறதை நிறுத்திடட்டுமா?

அசிங்கமில்லை, அபூர்வமுமில்லை. வாரா வாரம் ஒருவர் குறுக்கிடாமல் கேட்கிறார், உங்களைத் தப்பு சொல்வதில்லை. சின்ன வயது பற்றிய பதிலில் சொன்னதுதான் இங்கேயும்: பழைய ஏக்கம் புது ஆள்மேல் போய் உட்காருகிறது. "இப்படி ஒன்று தோன்றுகிறது" என்று சொல்லிவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் கூசவும் மாட்டார், உற்சாகப்படவும் மாட்டார், இதுவே பேச்சாகும்.

அவர் பக்கமிருந்து வந்தால் கதை வேறு. ராத்திரி சொந்த மெசேஜ், வெளியே காபி, "உங்களுக்கு மட்டும் ஃபீஸ் வேண்டாம்", தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் கொட்டுவது: இதில் எது தொடங்கினாலும் அடுத்த சந்திப்புக்குப் போகாதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிலும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐயிலும், ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறவர் என்றால் அங்கேயும் புகார் கொடுக்கலாம்.